கோட்டுக்குக் கீழே நின்றவர்கள்

1992 ஜனவரி 20, திங்கள்

சாளை வரத்து குறைவு. ஏலம் போடுகிறவர் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். எனக்கு அறுபது மீன் போதும் என்பதால் பிழைத்தேன். ஒவ்வொன்றாக நீளம் எடுத்து, தராசில் எடை போட்டு, அலுவலகம் திரும்பி வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். கீழே நீளம், பக்கத்தில் எடை, ஒரு மீனுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் கூட்டமாக மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும். அதன் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டால் அப்புறம் தராசு வேண்டாம். நீளத்தைச் சொன்னால் எடையைக் கோடு சொல்லிவிடும். மீன் ஆராய்ச்சி மையத்தில் ஏழு வருடமாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

மதியம் என் மேலதிகாரி தர்மலிங்கம் சார் மறுபடி கேட்டார். "எஸ்கலின், ஏப்ரல் கடைசிக்குள்ள சென்னையில சேரலன்னா அந்த இடத்த வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. வீட்ல பேசினீங்களா?"

பேசினேன் என்றேன். பேசி என்ன பிரயோசனம்? மாமியின் பதில் எனக்கு மனப்பாடம். "எம் மவன் வந்து பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்னட்டி சொல்லட்டும்? மெட்ராசுக்கு மீன் அளக்கப் போயிட்டான்னா?"

ராத்திரி மாமி வழக்கம்போல் நான்கு தட்டு வைத்தார். மாமிக்கு, கொழுந்தன் பவுலினுக்கு, எனக்கு, அப்புறம் சந்தியாகுவுக்கு. சந்தியாகு என் கணவர். தொண்ணூறு கார்த்திகையில் புயல் காற்றிலும் கடலுக்குப் போனவர். வள்ளத்தில் நான்கு பேர். மூன்று பேர் உடல் ஒதுங்கியது, இவருடையது ஒதுங்கவில்லை. உடல் வராதவனுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் துக்க மணி அடிப்பதில்லை. மணி அடிக்காதவரைக்கும் அவன் இருக்கிறான் என்றுதான் கணக்கு. அதனால் நான் விதவையும் இல்லை, யாருக்கும் மனைவியாகவும் இல்லை. அந்த நான்காவது தட்டைக் கழுவி வைக்கிறவள், அவ்வளவுதான்.

ஜனவரி 21, செவ்வாய்

அப்பாவுக்குப் போன் செய்தேன். "மணி அடிக்காம நீ அந்த வாசலத் தாண்டுனா ஓடிப்போனவன்னுதான் பேசுவாவ. ஒன் தங்கச்சிய யாரு கெட்டுவா?" என்றார். என் தங்கையின் கல்யாணம் எனக்குச் சங்கிலி. நன்றாக இருக்கிறது.

ஊர் பேசட்டும் என்று போய்விடலாம்தான். ஆனால் உயிரோடு இருக்கிறவர் சென்னைக்கும் ரயில் ஏறலாமே.

ஜனவரி 24, வெள்ளி

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். தெற்கே மணல்மேட்டில் ஒரு கிழிந்த வலை ஒதுங்கியிருக்கிறது. வலைக்குள் மனித எலும்பு. ஒரு கால், முழங்காலுக்குக் கீழே மட்டும். இரண்டு விலா எலும்பு. தலை இல்லை, துணி இல்லை.

"உங்க ஆளா இருக்குமான்னு டாக்டர் பாக்கணும்னாரு. திங்கக்கிழமை டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார்.

மாமி உள்ளே போய்ச் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதாவிடம்தான் வேண்டினோம்.

ஜனவரி 27, திங்கள்

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. மேசையில் ஒரு தாளை விரித்துக் காட்டினார். நம்முடைய மீன் தாள் மாதிரியே இருந்தது. கீழே முழங்கால் முதல் கணுக்கால் வரை உள்ள எலும்பின் நீளம், பக்கத்தில் ஆளின் உயரம், புள்ளிகள், நடுவே கோடு.

"இந்த எலும்பு முப்பத்தஞ்சு சென்டிமீட்டர். கோட்டுல ஏத்திப் பாத்தா ஆளு நூத்தி அறுபத்திமூணு. நாலு கூடலாம், நாலு குறையலாம். உங்க வீட்டுக்காரர் என்ன உசரம்?"

நூற்று எழுபத்து மூன்று. அதில் சந்தேகமே இல்லை. போலீஸ் தேர்வுக்குப் போய், உயரம் இருந்தும் மார்பளவு பத்தாமல் திரும்பியவர். பெண் கேட்டு வந்தபோது மாமி முதலில் சொன்னதே அந்த எண்ணைத்தான்.

"அப்ப இது அவர் இல்லம்மா" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மாமி பேருந்து நிலையத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "எம் மவன் நெட்டையன்லா! அது எவனோ குட்டையன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி என்னைக் கட்டிக்கொண்டு, "அழாதட்டி, அழாத, அவன் வந்துருவான்" என்றார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஜனவரி 28, செவ்வாய்

சாளை அறுபது. மழைத்தூறல். இடது மணிக்கட்டு வலிக்கிறது, மழை என்றால் இப்போதும் வலிக்கிறது.

ஜனவரி 30, வியாழன்

கொச்சிச் சாளைக்குப் போட்ட கோடு எங்கள் சாளைக்குப் பொருந்தாது. ஒரே நீளத்துக்கு எங்கள் மீன் எடை குறைவாக இருக்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம், இதைப் பற்றி அறிக்கையே எழுதியிருக்கிறேன். அப்படியானால் டாக்டர் காட்டிய கோடு எந்த ஊர் ஆட்களை வைத்துப் போட்டது?

போன் செய்து கேட்டேன். ஏதோ வெளிநாட்டுப் பட்டாளத்துக்காரர்களின் எலும்பாம். சிரிப்புதான் வந்தது. பட்டாளத்துக்காரனை வைத்துக் கடலோடியை அளந்திருக்கிறார்கள். "நம்ம ஊர் ஆளுங்க அளவு கிடைச்சா நல்லதுதான், ஆனா யாரும்மா எடுக்கிறது?" என்றார் டாக்டர்.

நான் எடுக்கிறேன் என்றேன். உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்ததும் வலை பின்னும் கொட்டகையில் ஆண்களை வரிசையாக நிற்க வைத்தேன். சந்தியாகுவுக்காக என்றதும் ஒருவர்கூட மறுக்கவில்லை. கட்டையில் உட்கார வைத்து முழங்கால் மூட்டிலிருந்து கணுக்கால் வரை அளந்தேன். பிறகு சுவரோரம் நிற்க வைத்து உயரம். பவுலின் எழுதினான். அண்ணனைத் தேட உதவுகிறோம் என்று அவனுக்கு ஒரே உற்சாகம்.

"இத்தன நாளு மீன அளந்திய, இப்ப எங்களையுமா மைனி? முட்ட இருக்கான்னு வயித்த அமுக்கிப் பாத்துராதிய" என்றான் மாமியின் தங்கை மகன் சூசை. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனையோ மாதம் கழித்து இத்தனை பேர் நடுவில் சிரித்தேன்.

இஞ்ஞாசி தாத்தா கடைசியில் வந்தார். கூன் விழுந்த முதுகை எவ்வளவோ நிமிர்த்திப் பார்த்தார். "தாயி, நாளைக்கு ஏங் காலு எங்கயாவது ஒதுங்குனா, இந்தத் தாள வச்சு என்னையும் கண்டுபிடிச்சிருவியா?"

"கண்டுபிடிச்சிரலாம் தாத்தா" என்றேன்.

"அப்ப சரி. நல்லா அளந்துக்கோ" என்று காலை நீட்டினார். மொத்தம் நாற்பத்தாறு பேர்.

பிப்ரவரி 4, செவ்வாய்

புள்ளிகள் வைத்தேன், கோடு இழுத்தேன். முப்பத்தைந்துக்கு நேராக மேலே போனால் நூற்று அறுபத்து நான்கு.

டாக்டருடைய கோட்டுக்கும் என்னுடைய கோட்டுக்கும் ஒரே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். இதற்காக நாற்பத்தாறு பேர் காலைப் பிடித்திருக்கிறேன். பட்டாளத்துக்காரனும் எங்கள் ஊர்க்காரனும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போல.

சந்தியாகு இறந்திருந்தாலும் செத்துத் தொலைக்க மாட்டார்.

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். மையில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டை நிறைந்த மீன், நண்டு கடித்த மீன், வால் அறுந்த மீன் கோட்டைக் கெடுக்கும் என்று அவற்றைத் தாளிலிருந்து எடுத்துவிடுவோம். எடுத்தால் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதாமல் எடுத்தால் அது களவு என்பார் தர்மலிங்கம் சார். நான் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன்.

மனிதனுக்கும் அதே நியாயம்தானே. கூன் விழுந்தவனின் உயரம் அவனுடைய உண்மையான உயரம் இல்லை. இஞ்ஞாசி தாத்தாவையும் இன்னும் மூன்று கிழவர்களையும் எடுத்தேன். காரணம்: கூன். இதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மறுபடி கோடு இழுத்தால் நூற்று அறுபத்தைந்து.

பிப்ரவரி 7, வெள்ளி

இருபது வயதுக்குக் கீழே உள்ள ஐந்து பேரை எடுத்தேன். காரணம்: வளர்கிற வயது. இதுவும் நியாயம்தான்.

நூற்று அறுபத்தாறு.

மாமி மீன்குழம்பு வைத்தார். நான்காவது தட்டில் பெரிய துண்டு. மறுநாள் காலை அதை நாய்க்குப் போடுகிறவள் நான்.

பிப்ரவரி 10, திங்கள்

ரோமான் பெரியப்பா அன்று கள் குடித்திருந்தார். நேராக நின்றிருக்க மாட்டார். எடுத்தேன்.

வியாகுலம் போன வருடம் மரத்திலிருந்து விழுந்தவர். முதுகில் ஏதாவது இருக்கும். எடுத்தேன்.

சூசை அளக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தான். எடுத்தேன். காரணம்: அசைவு.

லாசர், தஸ்நேவிஸ், இன்னும் சிலர். காரணம்: தரை சமமில்லை. ஆனால் அதே தரையில் நின்ற மற்றவர்கள் தாளில் இருக்கிறார்கள். அவர்கள் கோட்டுக்கு மேலே நிற்கிறவர்கள்.

நூற்று அறுபத்தெட்டு.

பிப்ரவரி 12, புதன்

நூற்று அறுபத்தொன்பது. நான்கு கூடலாம், நான்கு குறையலாம். கூட்டினால் நூற்று எழுபத்து மூன்று.

நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் போனால் தப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி

தர்மலிங்கம் சார் தாளைக் கேட்டார். ஊர் முழுக்கப் பேச்சாக இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை மூக்குக்குக் கிட்டே வைத்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த காரணங்களைப் படித்தார்.

"இடது பக்கம் இருக்கிற அத்தன பேரும் கோட்டுக்கு மேலயே நிக்கிறாங்களே எஸ்கலின். கட்டக் கால் உள்ள ஆளுங்க எல்லாம் நெட்டையா இருக்காங்க. கீழ நின்னவங்க அத்தன பேருக்குமா முதுகு சரியில்ல?"

"காரணம் எழுதியிருக்கேன் சார்."

"எழுதியிருக்கீங்க. அதத்தான் சொல்றேன்."

அவர் என் இடது மணிக்கட்டைப் பார்த்தார். வளையலை இறக்கி விட்டுக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாவுக்கட்டோடு நான் வேலைக்கு வந்தபோது, தரை வழுக்கிவிட்டது என்று சொன்னதை நம்பினவர்தான் அவர். இல்லை, நம்பினாரா என்று தெரியாது. தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "டாக்டர் என்ன சொல்றாருன்னு பாருங்க" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

டாக்டருக்குத் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த ஊர் ஆளுங்கள வச்சே போட்டுட்டீங்களே! இத ஒரு கட்டுரையாவே எழுதலாம்" என்றார். ஓரத்தில் இருந்த காரணங்களைப் படித்துவிட்டு, எவ்வளவு கவனம் என்று பாராட்டினார். ஏட்டுக்குக் கோப்பை மூடினால் போதும். 'சந்தியாகுவின் உடற்பகுதியாக இருக்க வாய்ப்புண்டு' என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வாய்ப்புண்டு என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாமி நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று காலை என் அறை வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவன் பண்ணுனது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியா? பக்கத்து அறையிலதான படுத்துக் கெடந்தேன். எனக்கும் காது இருக்கு. ஆனாலும் பெத்தவ நான். கடலு கொல்லாத எம் மவன பென்சில வச்சே கொன்னுட்டியேட்டி."

தெரிந்துதான் இருந்திருக்கிறார். ஒரு ராத்திரியாவது அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம் அல்லவா? மாமி தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது.

பிப்ரவரி 22, சனி

மணி அடித்தார்கள். ஊரே வந்தது. பெட்டி கைக்குழந்தைக்குச் செய்வது போல் சின்னதாக இருந்தது. பவுலின் ஒருவனே தூக்கிக்கொண்டு நடந்தான். நான் அளந்து எடுத்துப்போட்டவர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். இஞ்ஞாசி தாத்தா என் தலையில் கை வைத்து, "நல்லபடியா கண்டுபிடிச்சிட்ட தாயி" என்றார்.

மாமி கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை. மண் போடும்போதே அது யாரோ ஒருவருடைய கால் என்று எனக்குத் தெரியும். மண் போட்டேன். தாலியைக் கழற்றும்போது பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நானும் அழுதேன், கண்ணீர் தானாகத்தான் வந்தது. யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ராத்திரி முதல் முறையாகக் கதவைத் தாழ்போடாமல் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 4, சாம்பல் புதன்

தட்டு மூன்றுதான். மாமி சரியாகச் சாப்பிடுவதில்லை.

மார்ச் 23, திங்கள்

முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. சென்னைக்கு எழுதிப் போட்டேன். அப்பாவே வந்து பயணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். இப்போது எல்லோருக்கும் நான் நல்லவள்.

சாளை அறுபது. இரண்டு மீன் முட்டையோடு இருந்தன. எடுக்கவில்லை, அப்படியே புள்ளி வைத்தேன்.

ஏப்ரல் 19, ஈஸ்டர்

கோயிலில் உயிர்ப்புப் பாடல். மாமி பாடவில்லை. நானும் பாடவில்லை.

ஏப்ரல் 25, சனி

மையத்தில் கடைசி நாள். நாளை ரயில். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் கயிறு, நெற்றி நிறையக் குங்குமம், செருப்பில்லாத கால்.

"அக்கா, பாம்பன் பக்கத்துலருந்து வாரேன். எம் பேரு நம்புராணி. எங்க வீட்டுக்காரக போன ஐப்பசியில கடலுக்குப் போனவுக, வரல. இந்தக் கரையில ஒரு காலு ஒதுங்குச்சாம்ல? இப்பத்தான் காதுல விழுந்துச்சு. டேசன்ல கேட்டா, மீனாபீசு அம்மா அவுக ஆளுன்னு வாங்கிட்டுப் போயிப் பொதச்சுட்டாக, அங்க போயிக் கேளுன்னாக."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள்.

"அது நெசமாவே உங்க வீட்டுக்காரகதானாக்கா?"

"டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் பழக்கதோஷத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டது. "உங்க வீட்டுக்காரரு என்ன உசரம்?"

"எம் உசரந்தேன். தோளுக்குத் தோள் நிப்போம். எங்க ஊருல எங்கள ரெட்டப் புள்ளைகன்னுதான் கேலி பண்ணுவாக." சொல்லிவிட்டு, காட்ட வேண்டும் என்று எழுந்து நிமிர்ந்து நின்றாள்.

ஏழு வருடம் அளந்த கண்ணுக்கு நாடா வேண்டாம். நூற்று அறுபத்து மூன்று. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

"அந்தக் காலுக்குச் சொந்தக்கார ஆளு என்ன உசரமாம்க்கா? கணக்குப் போட்டீகளாமே?"

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். சொன்னால் தோண்டுவார்கள். கோப்பைத் திறப்பார்கள். மாமி அலமாரியிலிருந்து நான்காவது தட்டை எடுத்துக் கழுவுவார். ஊரில் ஒருவரும் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் நான் தாழ்போட்ட கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும்.

எண் சொன்னால் அவளுக்குப் புரியாது. எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் தலைக்கு மேலே கையைத் தூக்கி, நூற்று எழுபத்து மூன்றில் நிறுத்தினேன்.

"இவ்வளவு" என்றேன்.

அண்ணாந்து என் கையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அப்ப எங்க ஆளு இல்ல! யாத்தே, எங்க ஆளு இல்ல! எங்க மாமியா பொட்ட அழி, வளைய ஒடைன்னு தெனமும் சண்டக்கா. எங்க அண்ணன் வேற எடம் பாக்குறேன்னு நிக்கிது. இன்னைக்கே போயிச் சொல்லிருவேன், அவுக எங்கயோ கரையேறி இருக்காகன்னு."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை கரடுமுரடாக, சூடாக இருந்தது. "நீங்க நல்லா இருக்கணும்க்கா. எத்தன வருசமானாலும் சரி, நான் அவுகளுக்காகக் காத்திருப்பேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"காத்திரு" என்றேன்.